பாஸ் ஆகலைன்னா செனாய்

வீட்ல இருந்தே கோர்ஸ் படிக்கிறவங்களுக்கு ஒரு உண்மை தெரியும்: நீங்க படிக்கிறீங்கன்னு காலேஜ் நம்பும், வீட்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.

என் பேரு பவானி. கூலாய்ல ஒரு தமான்ல, அதான் வரிசை வீட்டுக் குடியிருப்புல, அம்மாகூட இருக்கேன். செனாய்ல ஒரு பேக்டரில நைட் ஷிப்ட் பாத்தேன். சூபர்வைசர்கூட வாக்குவாதம் முத்தி வெளிய வந்துட்டேன். அவங்க நிறுத்தல, நானாத்தான் வந்தேன். இத நல்லா கவனிச்சுக்குங்க, ஊர்ல வேற மாதிரி பேசுவாங்க.

இப்ப சாரி மடிச்சுக் குடுக்குறேன். கல்யாணம், கோயில் விசேஷத்துக்குப் போறவங்க சாரியக் கொண்டாந்து குடுப்பாங்க. அவங்க உயரம், இடுப்பளவு பாத்து, முன்மடிப்பு, தோள்மடிப்பு எல்லாம் எடுத்து, அயர்ன் பண்ணி, கிளிப் போட்டு, பெட்டி மாதிரி மடக்கிக் குடுத்துருவேன். அவங்க வீட்ல போய் சுத்தி சொருகினா வேல முடிஞ்சிச்சு. எங்க வீட்டு ஹால்தான் கடை.

அந்த ஹாலத்தான் அம்மா பிடிச்சாங்க. "சும்மா ஆச வந்துச்சுன்னு தொழில் பண்ணாத. சிறுதொழில் கோர்ஸ் ஒண்ணு இருக்காம்ல, வீட்ல இருந்தே படிக்கலாமாம். அதுல பாஸ் ஆனா ஹாலு ஒனக்கு. ஆகலைன்னா திரும்ப செனாய்." அம்மா சொன்னா சொன்னதுதான். நானும் சரின்னு சேந்துட்டேன். இனிமே நடந்ததெல்லாம், என்ன மாதிரி லேப்டாப் முன்னால குந்தி அவஸ்தப்படுற சக மாணவர்களுக்குச் சமர்ப்பணம்.

முதல் கிளாஸ்

எங்க ஆசிரியை மிஸ் கிரேஸ். குளுவாங்ல இருந்து வீடியோல பாடம் எடுப்பாங்க. சிலோன்காரங்க, பேச்சே தனி. ரிட்டயர் ஆகுற வயசு, காட்டன் சாரி, கண்ணாடிக்கு மேல பாத்தாங்கன்னா ஸ்க்ரீன் இந்தப் பக்கமும் நம்ம முதுகு நிமிரும்.

முதல் நாளே "வாடிக்கையாளர் சொல்லுறது எப்பவும் சரி" அப்படின்னு ஒரு ஸ்லைட் போட்டாங்க. நான் மைக்க ஆன் பண்ணிட்டேன். அது எப்படி மேடம் எப்பவும் சரியாகும்? பட்டுச் சாரிய வாஷிங் மெஷின்ல போட்டுட்டு, அதுல மடிப்பு நிக்கலன்னு எங்கிட்ட வந்து நிக்கிறவங்களும் சரியா? மிஸ் கிரேஸ் அது ஒரு தத்துவம்னாங்க. தத்துவம்னா கோயில்ல சொல்லுங்க, பரிட்சைல ஏன் கேக்குறீங்கன்னேன். கிளாஸ்ல இருந்த எல்லாரும் கேமராவ ஆப் பண்ணிட்டாங்க. சிரிக்கிறதுக்குத்தான் இருக்கும்.

அந்த நேரம் பாத்து அம்மா மீனு கழுவுன கையோட ஹாலுக்கு வந்து, கேமராவுக்கு நேரா நின்னாங்க. கிளாஸ் மொத்தமும் கேட்டுச்சு.

"படிக்கிற புள்ள வாய மூடிக்கிட்டு படிக்கும். நீ யார்கிட்டடி சண்ட போட்டுக்கிட்டு இருக்க?"

சந்தை ஆய்வு

ரெண்டாவது பாடம் சந்தை ஆய்வு. நம்ம பொருள மக்கள் வாங்குவாங்களான்னு நேர்ல போய்க் கேக்கணும். நான் வெள்ளிக்கிழம கோயில் வாசல்ல நின்னேன். பூச முடிஞ்சு வர்ற ஆண்டிங்க எல்லாரையும் நிறுத்தி, "சாரி மடிச்சுக் குடுத்தா எங்ககிட்ட வருவீங்களா?"ன்னு கேட்டேன்.

ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லல. "கண்டிப்பா வரேம்மா." "ஒனக்கில்லாம வேற யாருக்குக் குடுக்கப் போறேன்." ஒரு ஆண்டி கன்னத்தத் தடவிட்டுப் போனாங்க. இன்னொரு ஆண்டி பஞ்சாபி ட்ரெஸ்ல இருந்தாங்க, சாரியே கட்ட மாட்டாங்களாம், அவங்களும் கண்டிப்பா வரேன்னாங்க. நம்ம ஆளுங்க மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா நூத்துக்கு நூறுன்னு எழுதுறப்ப கை இனிச்சிருச்சு லா.

அனுப்பிட்டு மார்க்குக்குக் காத்திருந்தேன். பாதி மார்க். நான் சும்மா விடுவனா, போனப் போட்டேன். மக்கள் சொன்னத எழுதினா மார்க்கு கொறைப்பீங்களா, நீங்கதான வாடிக்கையாளர் சொல்றது எப்பவும் சரின்னீங்கன்னு மடக்கினேன். மிஸ் கிரேஸ் பேச விட்டாங்க, முழுசா. அப்பறம் நிதானமாச் சொன்னாங்க.

"பிள்ளை, கோயில் வாசலில நீங்கள் செய்தது ஆய்வில்லை, ஆசீர்வாதம் வாங்கினது."

அளவு சரிதான்

அமுதா அக்கா செடெனாக்ல பாலர் பள்ளி டீச்சர். வீட்டுக்காரரோட தங்கச்சி, அதாவது நாத்தனார் மகளுக்கு குளுவாங் மண்டபத்துல கல்யாணம். பச்சக் காஞ்சிபுரத்த ஆள்கிட்ட குடுத்தனுப்பிட்டு, உயரம், இடுப்பளவு ரெண்டையும் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாங்க. நான் அந்த அளவுக்கு மடிச்சுக் குடுத்துட்டேன்.

அந்த இடுப்பு அமுதா அக்காவுக்கு இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. அவங்க கல்யாணத்தப்ப இருந்திருக்கும். அதுக்கப்பறம் ரெண்டு புள்ள பொறந்து, மூத்தவன் இப்ப செகண்டரி ஸ்கூல் போறான். கல்யாணத்தன்னிக்கு காலைல சாரியச் சுத்தியிருக்காங்க. சுத்து பத்தல. தொப்புளுக்கு நேரா விழ வேண்டிய முன்மடிப்பு இடுப்புப் பக்கமே நின்னுருச்சு, இங்கேயிருந்து அங்க வர மாட்டேங்குது. கிளிப்பு, ஊசி எல்லாத்தையும் பிச்சு, பழையபடி கைலயே மடிச்சு, மண்டபத்துக்குப் போறதுக்குள்ள தாலி கட்டி முடிஞ்சிச்சு. தாய்மாமன் பொண்டாட்டி மேடைல இல்ல. நம்ம வீட்டுக் கல்யாணத்துல அது சின்ன விஷயமில்லன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

மண்டபத்து வாசல்ல இருந்தே போன் பண்ணாங்க. அக்கா, நீங்க அனுப்புன அளவுக்குத்தான மடிச்சேன், அந்த அளவ ஒரு தடவ சரி பாருங்கன்னேன். ஒரு மூச்சு விட்டாங்க.

"அளவெல்லாம் சரிதான்மா. சாரிதான் சின்னதாயிருச்சு."

முரளியின் புகார்

கடைசிப் பாடம் வாடிக்கையாளர் புகார். புகார் ஒண்ண சமாளிக்கிறத வீடியோ எடுத்து அனுப்பணும். பொறுமையா கேக்கணும், மன்னிப்பு கேக்கணும், தப்போட உண்மையான காரணத்தக் கண்டுபிடிக்கணும், பரிகாரம் சொல்லணும். இதுல தேறலைன்னா மத்த பாடம் எதுவும் எடுபடாது, மொத்தமா பெயில். ரெண்டு தடவதான் அனுப்பலாம்.

நிஜப் புகாரு வேணாம்னு, முதல் தடவைக்குக் கூடப் படிக்கிற முரளியக் கூப்பிட்டேன். பாலோங்கிற ஊர்ல புல்லு வெட்டுற மெஷின் ரிப்பேர் பண்றவரு. பாமாயில் தோட்டத்துக்கெல்லாம் போய் வேல செய்வாரு, ரொம்ப நல்ல மனுஷன். அதுதான் பிரச்சன. நீங்க எங்கிட்ட சாரி குடுத்த கஸ்டமர், மடிப்பு சரியில்ல, கோவமா பேசுங்கன்னேன். அவரு வீடியோல தலையச் சொறிஞ்சுக்கிட்டே, "சிஸ், மடிப்பு கொஞ்சம்..."ன்னு ஆரம்பிச்சாரு. எந்த மடிப்பு, முன்மடிப்பா தோள்மடிப்பா, எப்ப வாங்குனீங்க, யார் கட்டிவிட்டா, அவங்களுக்கு கட்டத் தெரியுமான்னு நான் கேட்டேன். விவரம் கேக்கணும்ல? மனுஷனுக்கு வேத்துருச்சு. வாபஸ் வாங்கிட்டாரு.

"சிஸ், சாரி நல்லாத்தான் இருக்கு. எனக்கு என்ன கொறன்னு நீங்களே சொல்லிருங்க, நான் அப்படியே சொல்லிர்றேன்."

மிச்சம் ஒரு தடவ

அந்த வீடியோவத்தான் அனுப்பினேன். பெயில். மிஸ் கிரேஸ் வீடியோல வந்தாங்க. மன்னிப்பு எங்கன்னு கேட்டாங்க. அவருதான் வாபஸ் வாங்கிட்டாரே மேடம், எதுக்கு மன்னிப்புன்னேன்.

அம்மா பக்கத்துல கீர ஆஞ்சுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் போன வச்சதும், பேக்டரி பஸ் இப்பவும் அதே முக்குலதான் நிக்குதான்னு பக்கத்து வீட்டு ஆண்டிகிட்ட வேலிக்கு மேல விசாரிச்சாங்க. எனக்குக் கேக்கணும்னே விசாரிச்சாங்க. அந்த நைட் ஷிப்ட்டு, அந்த சூபர்வைசர், காலைல வெயில் ஏறுறப்ப கண்ணு எரிய பஸ்ஸுல வர்றது, எல்லாம் ஒரு நிமிஷத்துல திரும்ப வந்துருச்சு. மிஸ் கிரேஸ் போன வைக்கிறதுக்கு முன்னால சொன்னதும் காதுல நின்னுச்சு.

"புகாரைத் தீர்க்கச் சொன்னால், புகார் குடுத்தவனையே தீர்த்துப்போட்டீங்கள். இன்னும் ஒரு தரம்தான் இருக்கு, விளங்குதோ?"

நாத்தனார்

நிஜப் புகாரு தானா வந்துச்சு. அமுதா அக்கா சாரியத் தூக்கிக்கிட்டு நேர்லயே வந்துட்டாங்க, கூடவே நாத்தனாரும். கோர்ஸுக்கு வீடியோ எடுத்துக்கலாமான்னு கேட்டேன். டிக்டாக்ல போட மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டு சரின்னாங்க. போன அலமாரி மேல சாய்ச்சு வச்சேன்.

எங்கிட்ட எல்லாம் தயார். அக்கா அனுப்புன மெசேஜ் இருக்கு, டேப்பு கழுத்துல தொங்குது. உண்மையான காரணம் வேணுமா? இப்ப அக்காவ நிக்க வச்சு ஒரு சுத்து அளந்தா போதும். முழு மார்க்கு. டேப்ப எடுத்துட்டேன்.

நாத்தனார் சோபால சாஞ்சு உக்காந்துக்கிட்டு, "அளங்க, அளங்க. அண்ணி எத்தன இன்ச்சுன்னு அனுப்பினாங்க? சொல்லுங்கம்மா, நாங்களும் தெரிஞ்சுக்கிறோம். என் பொண்ணு மேடைல அத்தையத் தேடிக்கிட்டு நின்னுச்சு, இவங்க இன்ச்சுக் கணக்கு பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க"ன்னு சிரிச்சாங்க. அமுதா அக்கா என்னப் பாக்கல. கைல இருந்த சாரி முந்தானைய மடிச்சு, பிரிச்சு, மடிச்சுக்கிட்டே இருந்தாங்க. பாலர் பள்ளில அதட்டுற டீச்சர், எங்க ஹால்ல புள்ள மாதிரி நின்னாங்க. இந்தப் பேச்சு இன்னிக்கு ஆரம்பிச்சது இல்லன்னு பாத்தாலே தெரிஞ்சிச்சு.

எனக்குக் கோவம் வந்துச்சு. வழக்கம்போலதான், ஆனா இந்தத் தடவ அது அக்கா மேல வரல. "அவங்க சரியாத்தான் அனுப்பினாங்க. நான்தான் வேற ஒருத்தங்க அளவப் பாத்து மடிச்சிட்டேன்"னேன். "மன்னிச்சிருங்கக்கா. சாரிய வச்சுட்டுப் போங்க, திரும்ப மடிச்சுத் தரேன். இனிமே நீங்க கட்டப் போற உள்பாவாடையக் குடுத்தனுப்புங்க, அத வச்சே அளந்துக்குறேன். நம்பரே வேணாம்." போன் அலமாரி மேல எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு இருந்துச்சு. நாத்தனார் பைய எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டாங்க. அமுதா அக்கா வாசப்படில செருப்பு மாட்டுறப்ப, பாதி திரும்பிச் சொன்னாங்க.

"பரவால்லம்மா. தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்."

உண்மையான காரணம்

வீடியோவ அனுப்பிட்டேன். மறுவாரம் மிஸ் கிரேஸ் வீடியோல வந்தாங்க. அம்மா இந்தத் தடவ எம் பக்கத்துலயே உக்காந்துட்டாங்க, தீர்ப்பு கேக்க.

மன்னிப்பு நல்லம்னாங்க. பரிகாரமும் நல்லம். உள்பாவாடைய வச்சு அளக்குறது நல்ல யோசனைன்னாங்க. "ஆனால் காரணம் பொருந்தேல்ல. இன்னொருவரின்ட அளவைப் பார்த்தன் எண்டு சொல்லுறீங்கள். பிறகு ஏன் நம்பரே வேண்டாம் எண்டு முறையை மாத்திறீங்கள்? நம்பரில பிழை இல்லையே. உண்மையான காரணத்துக்கு மார்க் போட ஏலாது." அதுக்கு மார்க் இல்லைன்னா பெயில். பெயில்னா செனாய். அம்மா என் முழங்கையக் கிள்ளினாங்க, பேசு, பேசுன்னு. மெசேஜ் போன்லதான் இருக்கு, ஒரு நிமிஷத்துல காட்டிரலாம். ஆனா இந்த வீடியோங்க எல்லாம் கிளாஸ்ல எல்லாரும் பாக்குறதுக்குப் போகும், மார்க்குக்கு என்ன காரணம்னு எழுதியும் போகும். செடெனாக் சின்ன ஊரு, சிங்கப்பூரா என்ன? ஒரே நாள்ல நாத்தனார் வீட்டுக்குப் போயிரும். "ஆமா மேடம். நான்தான் தப்பாப் பாத்தேன்"னேன். அவ்ளோதான். வேற பேசல. அம்மா என்ன காய்ச்சல்காரியப் பாக்குற மாதிரி பாத்தாங்க.

மிஸ் கிரேஸ் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. வீடியோவ திரும்ப ஓட்டிப் பாத்தாங்க போல, கண்ணு ஸ்க்ரீன்ல ஒரு மூலைலயே நின்னுச்சு. "சோபாவில இருக்கிற மனுஷி ஆர்?"ன்னு கேட்டாங்க. புகார் குடுத்தவங்களோட நாத்தனார்னு சொன்னேன். மிஸ் கிரேஸ் தன்னோட சாரி முந்தானைய இழுத்து இடுப்பு மறையிற மாதிரி சரி பண்ணிக்கிட்டாங்க, அத நான் பாத்தேன்.

"காரணம் விளங்கிட்டுது, எழுதத் தேவையில்லை. பாஸ். என்ர மகளின்ட கல்யாணத்துக்கு என்ர உள்பாவாடையைத் தபாலில அனுப்புறன், அளந்துபோட்டு வாயைத் திறக்கக் கூடாது."

ஆக மொத்தம் இந்தக் கோர்ஸ்ல தொழில் நடத்தக் கத்துக்கிட்டேன், ஒரே ஒரு தடவ வாய அடக்கவும் கத்துக்கிட்டேன், ரெண்டாவது தடவ அடக்குறதுக்கு பீஸ் தனியா கட்டணும்னு நெனைக்கிறேன்.