அவளுக்குப் போட்ட அம்மை

என் ஓரகத்தியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவள் புருஷனைப் பறிகொடுத்தவள். என் வீட்டுக்காரர் உயிரோடு, உள்ளே கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். இருந்தும் எரிகிறது. வாய்விட்டுச் சொன்னால் காறித் துப்புவார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

கோவளத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அண்ணன் தம்பி இருவரும் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள். ஒருநாள் வங்கியிலிருந்து ஒரு பெண் வந்து தெருவையே சமுதாயக் கூடத்தில் உட்கார வைத்தாள். விபத்துக் காப்பீடு என்று சொல்லி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினாள். வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு டீ குடிக்கிற காசு கணக்கிலிருந்து தானாகப் போகும், உயிர் போனாலும் கை கால் போனாலும் பணம் வரும் என்றாள். கேட்டவர் யார்? ஃபேனுக்கு அடியில் இடம் பிடிப்பதிலேயே எங்கள் கவனம் இருந்தது. கையெழுத்துப் போட்டோம், மறந்தோம்.

அந்தக் காசு போகிற நேரம் மே மாதக் கடைசி. எங்களுக்கு அது மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கும். அரசாங்கத்தின் நிவாரணப் பணம் எப்போது கணக்கில் விழும் என்று தெருவே போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். விழுந்த அன்றே வழித்து எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். விட்டு வைத்தால் வங்கி தின்றுவிடும் என்று எல்லாருக்கும் பயம். ஏடிஎம் வாசலில் அன்றைக்குத் திருவிழாக் கூட்டம்தான். மிஷினில் வராமல் கணக்கில் தங்கும் சில்லறையையும் மெசேஜுக்கு, கார்டுக்கு என்று வங்கி எடுத்துக்கொள்ளும். மே கடைசியில் எங்கள் தெருவில் பாதிக் கணக்குகள் துடைத்த சட்டிதான்.

அந்த வருஷம் ஓரகத்தி மட்டும் ஊரில் இல்லை. திருவிடந்தையில் அம்மா வீட்டுக்குப் போன இடத்தில் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. புருஷனுடைய ஏடிஎம் கார்டு அவள் பர்ஸிலேயே இருந்தது. அம்மை கண்ட வீட்டிலிருந்து எந்தப் பொருளும் வெளியே போகக் கூடாது என்று அவள் அம்மா கார்டைக்கூடக் கொடுக்கவில்லை. கார்டு இல்லாமல் வங்கிக்குள் போய்ச் சலான் எழுத என் கொழுந்தனுக்குக் கூச்சம். பெண்டாட்டி தலைக்குத் தண்ணி ஊற்றி வரும்வரை பணம் கணக்கிலேயே கிடந்தது. டீக்கடையில் அவரைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. நானும் சிரித்தேன்.

ஐப்பசியில் அண்ணனும் தம்பியும் இன்ஜின் சாமான் வாங்க பைக்கில் மாமல்லபுரம் போனார்கள். வழியில் ஒரு கார் அடித்துப் போட்டது. கொழுந்தன் அங்கேயே போய்விட்டார். என் வீட்டுக்காரருக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வலது காலை முட்டிக்கு மேல் எடுத்தார்கள்.

துக்கம் கேட்க வந்த அந்த வங்கிப் பெண்தான் இரண்டு பேர் கணக்கையும் பார்த்தாள். கொழுந்தன் கணக்கிலிருந்து மே கடைசியில் காப்பீட்டுக் காசு போயிருந்தது. எங்கள் கணக்கிலிருந்து போகவில்லை.

“அன்னிக்கு அக்கவுன்ட்ல ஒண்ணுமே இல்லக்கா. பாலிசி அப்பவே பூடுச்சு,” என்றாள்.

ஓரகத்திக்கு என்னைவிட விவரம் இருந்து அந்தப் பணத்தை விட்டு வைத்திருந்தால் மனசு ஆறியிருக்கும். காப்பீடு என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியாது. எனக்கு அம்மை போடவில்லை, அவ்வளவுதான். அம்மனுக்குக்கூட ஆள் பார்த்து வரத் தெரிந்திருக்கிறது.

வந்த பணத்தில் அவள் பழைய லோடு ஆட்டோ ஒன்றை வாங்கி நாள் வாடகைக்கு விட்டாள். காலையில் டிரைவர் அதைக் கிளப்பும்போது நான் ரிசார்ட்டுக்கு அறை கூட்டிப் பெருக்க ஓடிக்கொண்டிருப்பேன். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், உனக்குத் தாலி நிக்குதே, அது போதாதா என்பார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் நல்லவள்தான். கட்டைக்கால் பொருத்த இவரைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போக, “எங்க வண்டி சும்மாதானே கீதுக்கா,” என்று வாடகை வாங்காமல் அனுப்பினாள். அந்த “எங்க வண்டி” எனக்கு மூன்று நாள் நெஞ்சைக் கரித்தது.

இந்த வருஷம் நிவாரணப் பணம் விழுந்ததும் இவர் வழக்கம்போல எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னார். நான் எடுக்கவில்லை. வங்கிக்குப் போய், விட்டுப்போன காப்பீட்டை மறுபடி போடக் காகிதம் வாங்கி வந்து இவரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டோவைக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அப்ப நா பூட்டா உனுக்கும் ஒரு வண்டி வரும், இன்னா?” என்றார்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அபசகுனமாகப் பேசாதே என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். என் மனசு அந்த வண்டிக்கு என்ன கலர் அடிக்கலாம் என்பதில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். சிரிப்பை நிறுத்தி, என் கையிலிருந்து பேனாவை வாங்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.