கம்பிவலை போட்ட சமையலறை

1. ஏப்ரலில், கண்டி நகருக்கு மேலே, காட்டை ஒட்டிய சரிவில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்தேன்.
2. அடுத்த மாதம், ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட அம்மாவைப் பன்விலத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து கூட்டிவந்தேன்.
3. மூன்றாம் நாள், இந்தச் சமையலறை ஒரே இருட்டு, இதில் தன்னால் நிற்க முடியாது, திரும்பிப் போகிறேன் என்றாள் அம்மா.
4. ஜன்னலில் இருந்த கம்பிவலையைக் கழற்றினேன்.
5. மறுநாள் குரங்குகள் வந்தன.
6. கம்பிவலையைத் திரும்பப் பூட்டி, இரண்டு குழல் விளக்குகள் போட்டேன்.
7. அப்போதும் அம்மா போவதாகத்தான் சொன்னாள்.

கட்டட வரைபடம் வரைவது என் தொழில். எழுதி வைத்துக்கொண்டால்தான் எனக்கு யோசனை ஓடும். குறிப்பேட்டில் ஏழாவது வரியை எழுதிய பிறகு எட்டாவது வரிக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் பல நாள் இருந்தேன்.

அம்மா போய்விட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கண்ணுக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை மருந்து விட வேண்டும். மற்றக் கண்ணுக்கும் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். அப்பா இறந்த பிறகு லயத்து வீட்டில் அவளோடு யாரும் இல்லை. தனியாக இருந்தால் விறகடுப்புப் புகையில் நின்று, மருந்தை மறந்து, "பரவாயில்ல, தெரியுது" என்றே சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்தச் சமையலறை எனக்கும் பிடிக்கவில்லை. சுவரில் திராட்சைக் குலை போட்ட கருஞ்சிவப்பு டைல்ஸ். ஜன்னலில் இரண்டு மடிப்புக் கம்பிவலை. அதன்மேல் பல முறை பெயின்ற் அடித்து, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து வலைக்கண்களெல்லாம் அடைபட்டிருந்தன. பகலிலும் விளக்குப் போட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் கேட்டேன். போகும்போது இருந்தபடி வைத்துவிட்டுப் போனால் போதும், இடையில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றார். நான் ஒரு வரைபடம் போட்டேன். வெள்ளைச் சுவர், கதவில்லாத மரத்தட்டுகள், அவற்றில் ஒரே அளவான கண்ணாடிப் போத்தல்களில் பருப்பு, கடலை, சீனி. தட்டுகளை அடித்து, போத்தல்களை அடுக்கியும் விட்டேன். அடுப்பு சுவரின் சரி நடுவில்.

அம்மா இருட்டு என்று சொன்னதை நான் வெளிச்சக் குறைபாடு என்று எடுத்துக்கொண்டேன். கண் வைத்தியம் செய்துகொண்ட ஆளுக்கு வெளிச்சம் வேண்டும்தானே. பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் ஏணி வைத்து ஏறி, வலையை மொத்தமாகக் கழற்றிப் பின்பக்கம் சாய்த்து வைத்தேன். அந்த ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டும் தூரத்தில், பஸ் வீதியிலிருந்து மேல் வீடுகளுக்கு ஏறும் படிக்கட்டு இருக்கிறது. அன்று மத்தியானம் அம்மா அடுப்பில் பருப்பைப் பொங்கி வழியவிட்டாள். என் நினைவில் அவள் எதையும் பொங்கவிட்டதில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் நான் அலுவலகத்தில் இருந்தபோது அம்மா தொலைபேசி எடுத்தாள். குரலில் பதற்றமே இல்லை.

"ஒன் கண்ணாடிப் போத்தல பாக்க விருந்தாளிங்க வந்திருக்காங்க. ஏழெட்டு பேரு. நா ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டு இருக்கேன்."

முச்சக்கரவண்டி பிடித்து வந்து சேர்ந்தபோது குரங்குகள் போய்விட்டிருந்தன. போத்தல்களில் இரண்டுதான் மிஞ்சின. தரை முழுக்கச் சீனி, பருப்பு, கண்ணாடித் துண்டுகள். அம்மா அகப்பையைக் காட்டி விரட்டியிருக்கிறாள். பெரியது ஒன்று பல்லைக் காட்டியதும் அறைக்குள் ஓடியிருக்கிறாள். கதவுநிலையில் இடித்த முழங்கை வீங்கியிருந்தது. ஓடும்போது கண்ணில் அடிபட்டிருந்தால் என்ற நினைப்பில் அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. அழுக்கு வலையை நானே திரும்பப் பூட்டினேன். எனக்கு முன்னே இங்கே இருந்தவர்களைப் பற்றி மனதுக்குள் சொன்னதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன், டைல்ஸைப் பற்றியதைத் தவிர.

வெளிச்சத்துக்கு இரண்டு குழல் விளக்குகள் போட்டேன். சமையலறை எங்கள் அலுவலகத்து வரைபட அறை போல ஆகிவிட்டது. அம்மா சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வெளிச்சம்தான் வந்துவிட்டதே, லயத்துச் சமையலறை இதைவிட இருட்டுத்தானே, இன்னும் என்ன குறை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"வெளிச்சத்த வச்சு நா என்ன பண்ண?" என்றாள். "லயத்துல கதவத் தொறந்து வச்சா நாலு பேரு போவாங்க வருவாங்க. என்னா கறின்னு கேப்பாங்க, நானும் கேப்பேன். இங்க காலையில நீ போனா, நீ வாற வரைக்கும் ஒரு மனுச மூஞ்சி இல்ல. அன்னைக்கு ஒரு நாளு அந்த வலை இல்லாம இருந்திச்சு பாரு, மூனு பேருகிட்ட பேசுனேன்."

குறிப்பேட்டை எடுத்து எட்டாவது வரியில் "படிக்கட்டு" என்று எழுதினேன்.

கெலிஓயாவிலிருந்து வெல்டிங் வேலை செய்கிற ஒரு பாஸை வரவழைத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், என் தட்டுகளையும் மிஞ்சிய இரண்டு போத்தல்களையும் பார்த்தார்.

"தங்கச்சி, கொரங்குக்கு கட தொறந்து வெச்சீக்கிறீங்க" என்றார்.

நெருக்கமான வலை வேண்டாம், ஆள் முகம் தெரிகிற மாதிரிக் கம்பி வேண்டும், குரங்கு மட்டும் வரக் கூடாது என்றேன். குட்டிகூட நுழைய முடியாத இடைவெளியில் நேர்க்கம்பி போடலாம், ஆனால் கை உள்ளே வரும், கைக்கு எட்டுகிற இடத்தில் எதையும் வைக்காதீர்கள் என்றார். அம்மா பக்கத்தில் வந்து, ஒரு சாப்பாட்டுத் தட்டுப் போகிற அளவுக்குக் கீழே ஒரு சின்னக் கதவு வைக்க முடியுமா என்று கேட்டாள். பாஸ் சிரித்துவிட்டார். தபால் கந்தோரா நடத்தப் போகிறீர்கள் என்று கேட்டார். ஆனாலும் தாழ்ப்பாளோடு செய்து கொடுத்தார்.

என் வரைபடத்தில் மிஞ்சியது அதிகமில்லை. தட்டுகளைக் கழற்றி, கதவும் பூட்டும் உள்ள பழைய அலுமாரி ஒன்றை வாங்கிப் போட்டேன். சாமான்கள் மூடி இறுக்கமான தகர டின்களுக்குப் போயின. அடுப்பை ஜன்னலுக்கு நேரே வைத்தால் காற்று அணைத்துவிடும். பக்கச் சுவரில், தலையைத் திருப்பினால் படிகள் தெரிகிற இடத்துக்கு நகர்த்தினேன். பார்ப்பதற்குக் கோணலாக இருக்கிறது. காய் வெட்டும் பலகை ஜன்னலடியில்.

அம்மாவின் சிங்களம் தோட்டத்தில் கற்றது. சந்தைக்கும் டிஸ்பென்சரிக்கும் போதுமானது. அதை வைத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லாரிடமும் இன்றைக்கு என்ன கறி என்று கேட்கிறாள். மேல் வீட்டில் இருக்கும் சிங்கள அக்கா வங்கியில் வேலை செய்கிறவர். கடையில் சோற்றுப் பார்சல் வாங்கிய நாட்களில் உங்கள் அம்மாவுக்குப் பயந்து மற்ற வழியால் சுற்றிப் போகிறேன் என்று ஒருநாள் பஸ்ஸில் என்னிடம் சொன்னார். அதை அம்மாவிடம் சொன்னேன். அடுத்த நாள் மாலை சின்னக் கதவு வழியாக அவருக்கு ஒரு கோப்பை பருப்புக் கறி போயிருக்கிறது.

இப்போதைய நிலைமை இது. மற்றக் கண்ணுக்கும் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. மருந்து நேரத்துக்குப் போகிறது. பொங்கலுக்குப் பன்விலவுக்குப் போன அம்மா நான்காம் நாள் தானே பஸ் ஏறி வந்துவிட்டாள். குரங்குகள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போகின்றன. சமையலறை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அம்மா கடைசியாகப் போவதாகச் சொல்லி ஆறு மாதமாகிறது.