கிராணி யாரு?

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி அவருடைய எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. காம்பாரில் கல்லூரி மாணவிகளிடம் பேசிவிட்டு வெளியே வந்திருந்தேன். கைபேசியில் அவர் பெயர். “சொல்லுங்கக்கா” என்றேன். பேசியது அவருடைய தம்பி அந்தோணி. “அக்கா தவறிட்டாங்க. மாரடைப்பு. நாளைக்கு அடக்கம், வந்துருங்க.” துக்கத்துக்கு முன்னால் எனக்குள் வந்தது பயம். அது ஏன் என்று சொல்லத்தான் சங்க உறுப்பினர்களான உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

ஈப்போவில் நம் பெண்கள் காப்பகத்துக்குப் புதிதாக எது வந்தாலும், கணினியோ வாட்ஸ்அப் குழுவோ, அக்கா முதலில் கேட்பது “இதுக்குக் கிராணி யாரு?” என்பதுதான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். தோட்டம் முழுவதற்கும் ஒரே தொலைபேசி. அதுவும் ஆபீசில், கணக்கெழுதும் கிராணியின் மேசைமேல். அப்பாவின் அடி தாங்காமல் ஒருநாள் அம்மா அங்கே போய்ப் போலீசைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் லயத்து வீட்டுக்குத் திரும்புவதற்குள் விஷயம் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. “போன் அவங்களோடது, பேச்சு நம்மளோடதுன்னு எங்கம்மா நம்பிட்டாங்க” என்பார் அக்கா. அதற்குமேல் அந்தக் கதையை அவர் சொன்னதில்லை.

உதவி கேட்கும் பெண்கள் நம் இணையத்தளம் வழியாகத்தான் எழுதுகிறார்கள். அந்தத் தளத்தை வைத்திருந்த நிறுவனத்தை இன்னொரு பெரிய நிறுவனம் வாங்கிவிட்டதாகச் செய்தி வந்த அன்று, கூட்டத்தில் அக்கா தேநீரைத் தொடவே இல்லை.

“ஒன்னும் மாறாதுன்னு போட்டிருக்காங்கக்கா” என்றேன்.

“தோட்டத்த வித்தப்பவும் அப்படித்தான் சொன்னாங்க. கோயில் இருக்கும், மயானம் இருக்கும்னு. மொதல்ல வேலிதான் வந்துச்சு.”

பொருளாளர் கமலா சிரித்தார். “அக்காவ விட்டா இண்டர்நெட்டு வாசல்லயே காவலுக்கு ஜாகா ஒக்கார வைப்பாங்க லா.”

“ஜாகாவ யாரு நம்புறது? நானே ஒக்காந்துக்கிறேன்.”

அப்படியே செய்தார். தளத்தின் முகவரியைத் தன் பெயருக்கு மாற்றினார். பெண்கள் எழுதுவதெல்லாம் நேராகத் தன் கைபேசிக்கு வரும்படி வைத்துக்கொண்டார். எங்களுக்கும் நிம்மதியாக இருந்தது. அவருடைய கேள்வியை அன்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அடக்கத்தன்று ஜெபம் முடிந்ததும் அந்தோணி அந்தக் கைபேசியை என்னிடம் நீட்டினார்.

“பூட்டு நம்பரு அம்மா பொறந்த நாளு, எனக்குத் தெரியும். இதுல இருந்த எல்லா நம்பருக்கும் அடிச்சுச் சொல்லிட்டேங்கக்கா.”

“எல்லாருக்குமா?”

“ஒருத்தர விடல. சாவுச் செய்தி யாருக்கும் விட்டுப்போகக் கூடாதுல்ல? சில எடத்துல ஆம்பளைங்க எடுத்தாங்க. எந்த ஸ்டெல்லான்னு கேட்டாங்க. பெண்கள் காப்பகத்துல இருந்தவங்கன்னு வெளக்கமா சொன்னேன்.”

அழுது வீங்கிய முகத்தோடு நின்றிருந்தார். அவரை நான் என்ன சொல்ல? நம் வழக்கப்படி அவர் தம்பியின் கடமையைச் செய்திருந்தார்.

அன்றிலிருந்து, வீட்டு ஆண்கள் எடுத்தாலும் சந்தேகம் வராதபடி, துணிக்கடையிலிருந்து பேசுவதுபோல ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டேன். பெரும்பாலோர் எடுத்தார்கள். ஒருத்தி “சேலை வேண்டாங்க” என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “நல்லாத்தான் இருக்கேன்” என்றாள். பாகான் டத்தோவிலிருந்து எழுதியிருந்த ஒரு பெண்ணின் எண் மட்டும் அடித்து அடித்து ஓய்கிறது. “காலையில மட்டும் கூப்பிடுங்க, மத்த நேரம் அவரு இருப்பாரு” என்று எழுதியிருந்தாள். நேற்று நம் தோழி ஒருவர் தேடிப் போனார். வீடு பூட்டியிருந்ததாம்.

இரங்கல் கூட்டத்தில் அக்காவைத் துணிச்சல்காரர் என்றார்கள். உண்மைதான். ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய பயத்தை. அதை அவர் யாருக்கும் பகிர்ந்து கொடுக்காமல் தனியாகச் சுமந்தார். முகவரியைச் சங்கத்தின் பெயருக்கு மாற்ற எழுதிப் போட்டிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. அதுவரை அவருடைய கைபேசி என் மேசைமேல்தான் இருக்கும். நாளைக் காலையும் பாகான் டத்தோவைக் கூப்பிடுவேன்.

கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் அக்காவின் கேள்வியைத் தயங்காமல் என்னிடம் கேளுங்கள். இப்போது கிராணி நான்.