காய்ந்த மலையில் ஒரு வாய்க்கால் நடை: ஹோத்தென் முதல் அவுசர்பெர்க் வரை

ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஆறு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தேன். 1996 செப்டெம்பரில், கூட வேலை செய்த, வாலிஸ் என்ற மலை மாநிலத்துக்காரி ஒருத்தி, "சுவிஸில் ஸ்டேஷனையும் பாத்திரம் கழுவும் மெஷினையும் தவிர என்னத்தைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சுரீர் என்றது. அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன். ரோஷத்தில் போன பயணம் இது.

கூட வந்தவர் பக்கத்து அறைச் சிவராசா அண்ணை. யாழ்ப்பாணத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். அவருடைய அகதி விண்ணப்பத்தை ஒருமுறை நிராகரித்து, மேன்முறையீடு நடந்துகொண்டிருந்த நேரம். பொலிஸில் பெயர் விழுந்தால் கேஸ் முடிந்தது என்று யாரோ சொல்லிவைத்ததில், டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் ஒரு தரிப்புக்கூடப் போகாத மனுசர்.

காலை 6.50 ரயில். பேர்ணிலும் ஸ்பீட்ஸிலும் மாறி 9.30க்கு ஹோத்தெனில் இறங்கினோம். அரைக்கட்டண அட்டையோடு போய்வர அப்போது ஆளுக்கு 58 பிராங்.

சுவிஸில் பாலைவனமா என்று சிரிக்காதீர்கள். ரயில் கடந்துவந்த மலைச் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் ஈரப் பச்சை, இந்தப் பக்கம் வேறு நாடு. மழையை இரண்டு பக்க மலையும் மறித்துவிடுவதால் புல்லெல்லாம் வறுத்த ரவை நிறம். கால் வைக்கும் இடமெல்லாம் வெட்டுக்கிளி எழும்பியது. பேர்ச் மரங்கள் மஞ்சள், காட்டுச் செரி சிவப்பு, கீழே பள்ளத்தாக்கில் பழுத்த திராட்சைத் தோட்டங்கள். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்பது கிலோமீட்டரை 'இலகுவான நடை' என்று சுற்றுலாப் பிரசுரத்தில் எழுதியவன் கையில் கிடைத்திருந்தால் நடந்ததே வேறு. பல இடங்களில் பாதை ஒரு அடி அகலம், பக்கத்தில் பாதாளம்.

அந்தப் பாதையோடு ஒரு வாய்க்கால் வரும். மலைக்கு மேலே பனி உருகி வரும் தண்ணீரை ஊரார் மணிக்கணக்கில் முறை வைத்துப் பங்கிடுகிறார்கள். முறைக்காரர் வாய்க்காலின் குறுக்கே ஒரு பலகையைச் செருகித் தன் புல்வெளிக்குத் தண்ணீரைத் திருப்புவார். இது எங்களுக்கு அன்று தெரியாது.

பன்னிரண்டு மணியளவில் ஒரு புல்வெளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அடுத்தது காய்ந்து கிடந்தது.

"இஞ்ச பாருங்கோ தம்பி, தண்ணியைத் திறந்துபோட்டு எங்கயோ போட்டாங்கள். பாத்தி நிரம்பினால் மாறவேண்டாமோ?"

நான் வாய் திறக்குமுன் சிவராசா அண்ணை பலகையைப் பிடுங்கி அடுத்த புல்வெளிப் பக்கம் செருகிவிட்டார். தோட்டக்காரனின் கை சும்மா இருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்து நிமிடத்தில் மேலிருந்து ஒரு கிழவர் கத்திக்கொண்டு இறங்கினார். தண்ணீர் இரண்டு மணிவரை தன்னுடையது, அடுத்த புல்வெளிக்காரன் முறை நாளைக்கு என்று கத்துவது மட்டும் எனக்கு விளங்கியது. மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். அதற்குள் சிவராசா அண்ணை சட்டைப் பொக்கற்றிலிருந்து தன் அகதி அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் கிழவரிடம் நீட்டிவிட்டார்.

கிழவர் குழம்பிப்போய் வாங்கிப் பார்த்தார். பிறகு தன் பையில் போட்டுக்கொண்டார். "முதலில் தண்ணீர் திரும்பி வரட்டும்."

"அது அரசாங்கத்தின் அட்டை. அதை வைத்திருக்க உங்களுக்கு என்ன உரிமை?" என்று என் ஜெர்மனில் கத்தினேன்.

"அவராகத்தானே தந்தார்?"

அந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை.

அண்ணை சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். பலகையைப் பழைய இடத்தில் இறுக்கி, புல்கட்டியை வெட்டி அணைத்து, குதிக்காலால் மிதித்தார். அதுவரை பக்கத்தால் ஒழுகிக்கொண்டிருந்த பலகை, பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை. கிழவர் குனிந்து பார்த்தார், அட்டையைத் திருப்பித் தந்தார், கூடவே றை தானியத்துக் கறுத்த பாணும் சீஸும் வெட்டித் தந்தார். "நல்ல வேலைக்காரன்" என்று என்னிடம் சொன்னார், அவரிடம் சொல்லவில்லை. அண்ணை சாப்பிட்டார். நான் தொடவில்லை.

அவுசர்பெர்க்கில் 2.10 ரயிலை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம்.

"ஏன் அண்ணை அதை எடுத்துக் குடுத்தனீங்கள்? அந்தாள் என்ன பொலிஸோ?"

"இல்லைத்தான். ஆரும் சத்தம் போட்டால் கை தன்ர பாட்டில பொக்கற்றுக்குப் போகுது தம்பி."

அதற்குமேல் எனக்குத் திட்ட வரவில்லை. கிழவர் யாரிடமும் முறைப்பாடு செய்யவில்லை. ஆனாலும் அண்ணை இரண்டு மாதம் தபால்காரரைக் கண்டு பயந்தார்.

போகிறவர்களுக்கு: செப்டெம்பர் கடைசி முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை நல்ல காலம். மூன்றரை மணி நேரம் வையுங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், பிடிப்புள்ள சப்பாத்து, தொப்பி. தலைசுற்று உள்ளவர்கள் வேண்டாம். பலகைகளைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால், யாராவது கத்தினால், நின்று என்ன பிழை என்று கேளுங்கள். மன்னிப்புக் கேளுங்கள், பிழையைச் சரிசெய்யுங்கள். அட்டையை மட்டும் எடுக்காதீர்கள். அதைக் கேட்க உரிமை உள்ளவன் தானே கேட்பான்.