மேடை காலி

கதை விடுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இது எனக்கே நடந்தது. பட்டப்பகலில்.

மேலே போன ராக்கெட்டின் அடிப்பாகம் திரும்பி வரும். நெருப்பைக் கக்கி வேகத்தைக் குறைத்து, நான்கு கால்களை விரித்து, நடுக்கடலில் மிதக்கும் இரும்பு மேடையில் நிற்கும். அப்போது அங்கே ஈ, காக்கை இருக்கக் கூடாது. வேலையாட்கள் எல்லோரும் படகேறி விலகிவிட வேண்டும்; ஏறுகிறவன் பெட்டியிலிருக்கும் தன் பெயர் டோக்கனைத் தானே எடுத்து, படகிலுள்ள பலகையில் மாட்ட வேண்டும். எல்லா டோக்கனும் தொங்கினால்தான் மேற்பார்வையாளர் "மேடை காலி" என்பார்.

அந்த மேற்பார்வையாளர் என் மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு வெல்டர் வேலை வாங்கித் தந்ததும் அவர்தான்.

"முன்னாடி இருந்த வெல்டர் எங்க மச்சான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொல்லாம கொள்ளாம ஓடிட்டான் மாப்ள."

அன்று ராக்கெட் இறங்க வேண்டிய நாள். மதியம் 3.38. மேடைக்கு அடியில், ஜெனரேட்டர் அறையில், ஒரு விரிசலைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். படகு கிளம்புமுன் மச்சான் கூப்பிடுவார் என்றிருந்தேன். வாக்கிடாக்கி கரகரத்தது.

"மேல வா. படகு போயிடுச்சு."

பழகாத குரல். ஓடிவந்து பார்த்தேன். படகு புள்ளியாகத் தெரிந்தது. மச்சானைக் கூப்பிட்டேன்... வெறும் இரைச்சல்.

3.49. மறுபடி அதே குரல்.

"ஓரத்து ரூமுக்குள்ள போ. சீக்கிரம்."

கனத்த இரும்பு அறை. நான் கை வைக்கும் முன்பே கதவு திறந்தது.

உள்ளே இருட்டு. தீய்ந்த துணி நாற்றம். பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்...

3.52. கோவென்று இரைச்சல். சுவர் சுட்டது.

தடார்!

அமைதி.

பக்கத்தில் மூச்சு இல்லை.

புகை அடங்கியபின் வெளியே வந்தேன். படகு திரும்பி வந்தது. பலகையில் என் டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது.

"நேரமாயிடுச்சு மாப்ள. ஏறிட்டேன்னு நெனச்சு நான்தான் மாட்டினேன்."

என் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வளர்த்த மனுஷன்!

"என் உசுரு உனக்கு அவ்வளவு இளப்பமாப் போச்சா?"

அவர் காதில் அது ஏறவே இல்லை. "எங்க ஒளிஞ்சே?" என்றார்.

"ஓரத்து ரூம்ல."

அவர் முகம் வெளுத்துப்போனது. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். "அது ஒரு வருஷமா பூட்டியே கிடக்கே..."

போய்ப் பார்த்தோம். பூட்டு துருவேறித் தொங்கியது. பூட்டியபடியே.

மச்சான் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பழைய வெல்டர் ஓடிப்போகல மாப்ள. அவன் டோக்கனையும் நான்தான் மாட்டினேன். கடைசி வரைக்கும் இந்தக் கதவைத்தான் தட்டினான்... நான் வாக்கிடாக்கில கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."