ஒரே பிள்ளையாரிடம் இரண்டு வேண்டுதல்

நாச்சியாபுரம் அழகி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். காரைக்குடியில் மீனாள் ஆச்சியின் பலகாரக் கடையில் தேன்குழல் பிழிகிற வேலை அவளுக்கு. கிழக்கு வெளுக்கும் முன்னே பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். கணவர் முத்தரசு லாரி ஓட்டுகிறவர், வீட்டில் தங்குகிற நாள் குறைவு. ஆகவே அழகிக்கு நல்லது கெட்டது சொல்லத் துணை பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகர்தான். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் "பிள்ளையாரப்பா", மாவு இளகிப்போனாலும் "பிள்ளையாரப்பா".

ஒரே மகள் சத்தியப்பிரியா காரைக்குடிக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. வேதியியல். போன வருடம் ஆய்வகத்தில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே மயங்கிச் சரிந்துவிட்டாள். "ரத்தமே இல்லையே, இந்தப் பிள்ளை சாப்பிடுதா இல்லையா?" என்று டாக்டர் கேட்டபோது அழகிக்குத் தலைநிமிர முடியவில்லை. அந்தப் படுக்கையில் பௌதிக வேதியியல் பரீட்சையும் அதன் செய்முறைத் தேர்வும் கைவிட்டுப் போயின.

இப்போது மூன்றாம் வருடம். கரிம வேதியியல் கட்டாயம் படித்தாக வேண்டும். அது ஒன்றே ஆளை விழுங்குகிற பாடம். விட்டுப்போன பௌதிக வேதியியலையும் சேர்த்து எடுத்தால் கூடப் படித்தவர்களோடு சேர்ந்து வெளியே வரலாம். எடுக்காவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். திங்கட்கிழமைக்குள் கல்லூரியில் சொல்லியாக வேண்டும்.

"ரெண்டையும் எடுக்கட்டுமாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"படிக்கிறவ நீ. உன் இஷ்டந்தான் தாயி" என்றாள் அழகி. வாய்தான் சொன்னது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெளுத்துக் கிடந்த முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை சங்கடஹர சதுர்த்தி. மாதாமாதம் போல மீனாள் ஆச்சியும் வர, மூவருமாகப் பிள்ளையார்பட்டிக்குப் போனார்கள். சந்நிதியில் நல்ல கூட்டம். தீபம் காட்டியபோது அழகி கண்ணை மூடிக்கொண்டாள். 'அப்பனே, எம்மக ஒரு பாடத்தோட நிப்பாட்டிக்கிற மாதிரி அவ மனசை மாத்திவிடு. உனக்குக் கொழுக்கட்டை பிடிச்சுக் கொண்டாந்து படைக்கிறேன்.'

தரிசனம் முடித்துத் திருக்குளத்துப் படியில் உட்கார்ந்தார்கள். சத்தியா சும்மா இருக்கமாட்டாமல் படியைக் கால்விரலால் கீறிக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா, ரொம்ப நேரமாக் கண்ணை மூடி நின்ன. மாப்பிள்ளை கேட்டியாக்கும்?" என்று ஆச்சி அவளைச் சீண்டினார்.

"போங்க ஆச்சி. ரெண்டு பாடத்தையும் எடுத்துப் பாஸாயிட்டா கொழுக்கட்டை படைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன்."

அழகி வெடுக்கென்று நிமிர்ந்தாள். அந்த நிமிர்வே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஏ அழகி, நீ என்ன வேண்டுன?"

"அதெல்லாம் வெளியே சொல்லக் கூடாதுல்ல, ஆச்சி."

"சொல்லுடி!"

"கொழுக்கட்டைதான்... இவ ஒண்ணோட நிப்பாட்டணும்னு."

ஆச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எப்படிப் பார்த்தாலும் அவருக்குக் கொழுக்கட்டை உறுதி! நடுவுல முழிக்கிறது நீங்க ரெண்டு பேருந்தான்!"

சத்தியா சிரிக்கவில்லை. "உன் இஷ்டம்னு எங்கிட்டச் சொல்லிட்டு, எனக்கு எதிரா அங்குட்டுப் போயி மனுக் குடுத்துருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னம்மா?"

"பயமாருக்குடி" என்றாள் அழகி. "நீ விழுந்த அன்னைக்கு நான் எண்ணெய்ச் சட்டி முன்னாடி நின்னேன். போன் வந்தப்ப எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. படிப்பு ஒரு வருசம் தள்ளிப்போனா போகுது. நீ வேணும் எனக்கு."

மகள் நகர்ந்து வந்து ஒட்டி உட்கார்ந்தாள். "படிச்சதால விழலம்மா. காலையில நீ கிளம்பிப் போயிருவ. தனியா உக்காந்து சாப்பிடப் பிடிக்காது. வெறும் டீயக் குடிச்சிட்டு ஓடிருவேன். சாப்பிட்டேன்னு உங்கிட்டப் பொய் சொன்னேன்."

அழகி மகளின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஆச்சி நடுவில் புகுந்தார்.

"அப்ப இது பாடத்துச் சங்கதியே இல்ல, சோத்துச் சங்கதி. அழகி, இனிமே நீ இருட்டோட வர வேணாம். பிள்ளைக்குச் சோறு போட்டு, பஸ் ஏத்திவிட்டு வா."

"மாவு யாரு ஆச்சி பிசையிறது? நீங்களா பிசையப் போறீக?"

"ஏன், என் கையில மருதாணியா வச்சிருக்கு?"

திங்கட்கிழமை சத்தியா இரண்டு பாடத்துக்கும் பெயர் கொடுத்தாள். அன்று முதல் தாயும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வாசல் தாண்டினார்கள். லேசாக ஒன்றும் போய்விடவில்லை. ஆய்வகத்தில் கணக்கு ஒத்துவராமல் சத்தியா அழுதுகொண்டு வந்த நாளும் உண்டு. அன்றைக்கு அழகி, "ஒண்ணை விட்டுரலாமா?" என்று நேராகவே கேட்டாள். "வேணாம்மா, ரசம் ஊத்து" என்றாள் மகள். கடையில் ஆச்சி பிசைந்த மாவு சில நாள் இறுகிப்போகும். அழகி மூச்சு விடாமல் அதைப் பிழிந்து தள்ளுவாள்.

பரீட்சை முடிவு வந்தது. கரிமத்தில் நல்ல மதிப்பெண். பௌதிகத்தில் தட்டுத் தடுமாறித் தேறியிருந்தாள். தேறிவிட்டாள், அவ்வளவுதான் வேண்டும்.

அடுத்த சதுர்த்திக்கு அழகி அடுப்படியில் இரண்டு தூக்குச்சட்டி நிறையக் கொழுக்கட்டை வைத்திருந்தாள்.

"ஒண்ணு என் வேண்டுதலுக்கு. இன்னொண்ணு எதுக்கும்மா? நீ கேட்டதுதான் நடக்கலையே?"

"நடக்கலைல்ல?" அழகி தூக்குச்சட்டியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள். "அதுக்குத்தான் அவருக்கு இது. வா, பஸ் வந்துரும்."