அக்கா கவிழ்த்த வாளி

ஏழாயிரம்பண்ணைக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டாம் வருடக் கோடையில் ஒரு காலை. வாளிகளில் நான் பிடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அக்கா முற்றத்தில் கொட்டி, வாளிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள். வறண்ட மண் அத்தனையையும் குடித்து முடிக்கும்வரை நான் வாசற்படியில் பார்த்துக்கொண்டு நின்றேன். பல நாள் கழித்துக் குழாயில் வந்த தண்ணீர் அது. விடியுமுன் எழுந்து வரிசையில் நின்று, குடம் குடமாகச் சுமந்து வந்து நிரப்பியிருந்தேன்.

அக்கா என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. ஒரே முற்றத்தின் இரு பக்கமும் எங்கள் வீடுகள். பிள்ளையில்லாதவள் என்று மட்டுமே எனக்குச் சொல்லியிருந்தார்கள். காலையில் வேனில் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போவாள். மாலையில் நகக்கண்களில் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து மினுங்கத் திரும்புவாள். நானோ விருதுநகரில், மிளகாய் மண்டிகளின் நெடியைத் தவிர வேறு எதற்கும் பயப்படாமல் வளர்ந்தவள். என் மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகியிருந்தாள்.

“இனி எப்பத் தண்ணி வருமோ, இப்படிக் கொட்டிட்டீகளேக்கா” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இனிமே அண்டாவுல புடிச்சு, மேல பலகையப் போட்டுக் கல்லத் தூக்கி வையி. தெறந்து மட்டும் வைக்காத.”

“முழங்கால் ஒசரங்கூட இல்லாத வாளியில என்னக்கா ஆகப்போகுது?”

அவள், கவிழ்த்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே வேன் வந்து ஒலியெழுப்பியது. கையசைத்து அதைப் போகச் சொன்னாள்.

“எனக்கும் ஒண்ணு இருந்துச்சு தாயி. பொம்பளப்புள்ள. ஒன்றர வயசு. அன்னைக்குக் கம்பெனி லீவு. துணி அலசுன தண்ணி வாளியில பாதி கெடந்துச்சு. செடிக்கு ஆகுமேன்னு ஊத்தாம வச்சிருந்தேன். கொடியில துணியக் காயப்போட்டுட்டுத் திரும்புறேன், தலகீழாக் கெடக்கா. ஒரு சத்தமில்ல. அழுதிருந்தா ஓடியாந்திருக்க மாட்டனா? தண்ணிக்குள்ள விழுந்த புள்ள அழாதுன்னு எனக்கு யாரும் சொல்லலையே தாயி.”

பிறகு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள். “கம்பெனியில ரூமுக்கு ரூம் வாசல்ல தீ அணைக்க வாளியில தண்ணி வச்சிருப்பாக. கொறஞ்சா போர்மேன் வைவாரு. தண்ணி இருந்தா உசுரு தப்பிக்கும்னுதான் எனக்குத் தெரியும்.”

எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் நெருப்புக்குப் பயந்தவர்கள். தீப்பெட்டியை எட்டாத உயரத்தில் வைப்பார்கள். மருந்து படிந்த சேலையை மாற்றாமல் அடுப்படிக்குள் கால் வைக்க மாட்டார்கள். ஆனால் தண்ணீருக்கு யார் பயப்படுவார்கள்? கிடைக்காதா என்று ஏங்குகிற ஒன்றைப் பார்த்துப் பயப்பட மனம் எப்படிப் பழகும்? அன்று முதல் எனக்கு அந்தப் பயம் வந்தது. பிள்ளை அழும்போதல்ல, சத்தம் அடங்கிவிட்டால்தான் ஓடுவேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் ஓடுவேன்.

அதன்பிறகு அக்கா தினமும் வேன் வருமுன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழந்தையைப் போல மண்டியிட்டு வீடு முழுக்கத் தவழ்வாள். கட்டிலுக்கடியில் தலையை நுழைப்பாள். உதிர்ந்த பொத்தான், எலி மருந்துப் பொட்டலம், சுவரோரம் தொங்கும் வயர் என்று ஏதாவது ஒன்று தினமும் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. “நின்னுக்கிட்டுப் பாத்தா ஒண்ணுந் தெரியாது” என்பாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். என் மகளுக்கு எதுவும் நடக்கவில்லை. எது நடக்க இருந்து நடக்காமல் போனது என்பதை இன்றுவரை நான் அறியேன்.

மகளுக்கு ஒன்றரை வயது தாண்டியதும் அக்காவின் காலை வருகை நின்றுபோனது.

“எம்மேல எதுவும் கோவமாக்கா?”

“கோவமெல்லாம் இல்ல. இம்புட்டு வயசு வரைக்குந்தான் எனக்குப் புள்ளையத் தெரியும். இனிமே அவ எங்கன ஏறுவா, என்னத்த எடுப்பான்னு எனக்குத் தெரியாது. நீதான் பாத்துக்கிடணும்.”

மகள் இப்போது மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். அக்கா இன்னும் கம்பெனிக்குப் போகிறாள். விடுமுறைக்கு மகள் வந்தால், அக்கா வேனிலிருந்து இறங்கியதும் எங்கள் வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள். போன விடுமுறையில் மகள் உள்ளே போனபின் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

“இவளுக்கு இப்பச் செருப்பு எம்புட்டு அளவு தாயி?”

சொன்னேன். அடுத்த தடவை ஒரு ஜோடி வாங்கி வருவாள் என்று நினைத்தேன். வாங்கி வரவில்லை. நானாகக் கேட்டபோது, “வாங்கக் கேக்கல. பொம்பளப்புள்ளைக்கு இந்த வயசுல கால் எம்புட்டு இருக்கும்னு தெரிஞ்சுக்கிடலாம்னுதான்” என்றாள்.